டோப்பிங் மாறினால் கூப்பர் சோடியின் சமச்சீரும் மாறுமா?

கேள்வியை முதலில் எல்லோருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிவிடுகிறேன். நோர்வூட் பக்கத்துத் தங்கச்சி ஒருவர், உயர்தரத்துக்கு ஹட்டனில் என்னிடம் பௌதிகவியல் படித்தவர், இப்போது பேராதனையில் கடைசி வருடம். செமினாருக்குச் செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளை, அதாவது போதிய அளவு குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் கடத்தும் பொருள்களை, எடுத்திருக்கிறார். 2001 இல் வந்த ஒரு கட்டுரை, டோப்பிங்கைக் கூட்டினால், அதாவது பொருளின் இலத்திரன் எண்ணிக்கையை வேறு அணுக்களால் மேலும் மாற்றினால், இலத்திரன் சோடிகளின் சமச்சீர் மாறுகிறது என்கிறது. 2004 இல் வந்த இன்னொன்று, எவ்வளவு கூட்டிக் குறைத்தாலும் அது அசையாது என்கிறது. "சேர், ரெண்டையும் போட்டா குழம்பிடுவாங்க, ஒண்ண மட்டும் போட்டா மறைச்ச மாதிரி ஆயிடும், எதை நம்புறது?"

ரெண்டையும் போடுங்கள் தங்கச்சி. அவை முட்டிக்கொள்வது போலத் தெரிவதற்குக் காரணம், ஒன்று "எவ்வளவு" என்று கேட்கிறது, மற்றது "கூட்டலா கழித்தலா" என்று கேட்கிறது. டோப்பிங் அளவுகளை எக்கச்சக்கமாக மாற்றும். குறியை, நேராகக் குறியையே சோதித்துப் பார்த்த இடங்களில், மாற்றவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தத் துறையில் நடந்த சண்டையில் பாதி அடங்கிவிடும். மீதிப் பாதி உண்மையான சண்டை, அது இன்னும் நடக்கிறது.

சமச்சீர் என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில்தான் எல்லோரும் விளங்கியது போலத் தலையாட்டிவிட்டுக் கடந்துபோவோம். மீகடத்தியில் இலத்திரன்கள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன, கூப்பர் சோடி என்பது இதைத்தான். அந்தச் சோடியை உடைக்க வேண்டிய சக்திதான் சக்தி இடைவெளி. ஈயம், நையோபியம் போன்ற பழைய மீகடத்திகளில் இலத்திரன் எந்தத் திசையில் ஓடினாலும் இந்த இடைவெளி ஏறத்தாழ ஒன்றுதான், உருண்டைப் பந்து மாதிரி. இதற்கு எஸ் அலை என்று பெயர், மீகடத்தலை விளக்க 1957 இல் வந்த பிசிஎஸ் கோட்பாட்டின் எளிய வடிவம் இதுதான். செப்பு ஒட்சைட்டில் கதை வேறு. அங்கே செப்பும் ஒட்சிசனும் சதுரக் கட்டங்களாகப் பரவிய தளங்களில்தான் எல்லாம் நடக்கிறது. செப்பு-ஒட்சிசன் பிணைப்பின் திசையில் ஓடும் இலத்திரனுக்கு இடைவெளி மிகப் பெரிது, மூலைவிட்டத் திசையில் ஓடுவதற்குப் பூச்சியம். படம் வரைந்தால் நாலு இதழ் பூ. அதோடு நிற்காமல், எக்ஸ் திசை இதழ்கள் கூட்டல் என்றால் வை திசை இதழ்கள் கழித்தல். இதைத்தான் டி அலை என்கிறோம்.

அந்தக் கூட்டல் கழித்தல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம், சுரமானியை நினைத்துக்கொள்ளுங்கள். தந்தியில் ஒரு கணு இருந்தால் அதற்கு இந்தப் பக்கம் தந்தி மேலே போகும்போது அந்தப் பக்கம் கீழே போகும். இடைவெளியும் அப்படித்தான், மூலைவிட்டத்தில் உள்ள பூச்சியம் ஒரு கணு, அதைத் தாண்டினால் குறி புரளும். உயர்தர வகுப்பில் கணு, முரண்கணு என்று பாடமாக்கிய அதே இரண்டு சொற்கள்தான் இந்தத் துறையிலும் ஓடுகின்றன. இங்கே தந்திக்குப் பதிலாக இலத்திரனின் உந்தத் திசை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் டோப்பிங். குறைகடத்தியில் மாசூட்டல் படித்திருப்பீர்கள், வேலை ஒன்றுதான், ஆனால் தொடங்கும் இடம் வேறு. சிலிக்கன் கடத்தாமல் இருப்பது அதன் பட்டை நிறைந்திருப்பதால். லந்தனம் செப்பு ஒட்சைட்டு கடத்தாமல் இருப்பது இலத்திரன்கள் ஒன்றையொன்று சகிக்காததால். தோட்டத்து லயத்தை, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பராவுக்கு (அறைக்கு) ஒரு குடும்பம் என்பது கணக்கு. எல்லாக் காம்பராவும் நிறைந்திருந்தால் யாரும் இடம் மாற முடியாது, மாறினால் ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் நெருக்க வேண்டிவரும். (நம் ஊரில் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் மூன்று தலைமுறை சமைத்துச் சாப்பிட்டுப் படித்தும் வந்திருக்கிறது, அது வேறு கதை. செப்பு அணுவுக்கு அந்த மனசு கிடையாது, இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் பல இலத்திரன் வோல்ட் கேட்கும்.) இப்படி நெரிசலால் உறைந்துபோன பொருளை மொட் காவலி என்பார்கள். நகர முடியாவிட்டாலும் பக்கத்துப் பக்கத்து இலத்திரன்களின் ஸ்பின்கள் (ஒவ்வோர் இலத்திரனும் சுமக்கும் சின்னக் காந்தம்) எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும், ஒன்று மேலே என்றால் அடுத்தது கீழே. இந்தக் காந்த ஒழுங்கு சுமார் 320 கெல்வின் வரை நிற்கும், அதாவது வவுனியா வெயிலுக்கும் அசையாது.

டோப்பிங் என்பது இந்த லயத்தில் சில காம்பராக்களைக் காலியாக்குவது. லந்தனம் இருக்கும் இடத்தில் ஸ்ட்ரொன்சியத்தை வைத்தால் ஓர் அணுவுக்கு ஓர் இலத்திரன் குறையும், செப்புத் தளத்தில் ஒரு துளை விழும். நூறு செப்புக்கு இரண்டு துளை விழுந்தாலே நீண்டதூரக் காந்த ஒழுங்கு கலைந்துவிடும். ஐந்து அளவில் மீகடத்தல் தலைகாட்டும், பதினாறில் உச்சம், இருபத்தேழு அளவில் மறைந்துவிடும். நடுவில் உள்ள வளைவைக் குவிமாடம் என்பார்கள். உச்சிக்கு இடப்பக்கம் குறை டோப்பிங், வலப்பக்கம் மிகை டோப்பிங். சில லந்தனச் சேர்மங்களில் எட்டில் ஒரு பங்கு டோப்பிங்கில் குவிமாடத்தில் ஒரு பள்ளம் விழும், துளைகள் வரிவரியாக ஒதுங்கிக்கொள்வதால். செமினாரில் அதற்குள் இறங்காதீர்கள், நேரம் போய்விடும்.

1986 இல் சூரிச்சில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பெட்நோர்ஸும் முல்லரும் கண்டுபிடித்தது லந்தனம்-பேரியம் வகை, மீகடத்தல் தொடங்கியது சுமார் 30 கெல்வினில். அடுத்த வருடமே இத்திரியம்-பேரியம்-செப்பு ஒட்சைட்டு வந்தது, 93 கெல்வின். நாங்கள் வைபிசிஓ என்போம். திரவ நைதரசன் 77 கெல்வினில் கொதிப்பதால் அதோடு இந்த விளையாட்டு எங்களைப் போன்றவர்கள் கைக்கும் எட்டியது.

இதில் டோப்பிங்கைத் திருகும் குமிழ் ஒட்சிசன். படிக்கிற காலத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பெலட் செய்தோம். இத்திரியம் ஒட்சைட்டு, பேரியம் காபனேற்று, செப்பு ஒட்சைட்டு மூன்றையும் நிறுத்து, கை நோக உரலில் அரைத்து, 900 பாகை செல்சியசுக்கு மேலே சுட்டு, திரும்ப அரைத்து, வில்லையாக அழுத்தித் திரும்பச் சுட்டோம். கடைசிச் சூட்டில் கரண்ட் போய்விட்டது. உலை தன்பாட்டுக்குச் சட்டென்று ஆறிவிட்டது. வில்லை கறுப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நைதரசனில் போட்டு மேலே காந்தத்தை வைத்தால், மீகடத்தி என்றால் மிதக்க வேண்டிய அது அப்படியே உட்கார்ந்துகொண்டது, ஒரு மயிரிழை எழும்பவில்லை. ஒரு வாரம் போனது வீண் என்று நினைத்தோம். லெக்சரர் சிரித்துவிட்டு, ஒட்சிசன் ஓட்டத்தில் திரும்பச் சூடாக்கி, 450 பாகை அளவில் நீண்ட நேரம் வைத்து மெல்ல ஆறவிடச் சொன்னார். மறுநாள் காந்தம் மிதந்தது. அதே வில்லை, அதே செப்பு, அதே இத்திரியம், உள்ளே போன கொஞ்சம் ஒட்சிசன் மட்டும்தான் புதிது. அப்பா ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்தவர், இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே வரவில்லை. "பதம் தப்பினா எல்லாம் அப்பிடித்தான்" என்றார்.

சரி, ஏன் டி அலை? காம்பரா உதாரணத்திலேயே விடை இருக்கிறது. ஓர் அணுவில் இரண்டு பேர் இருக்கவே முடியாது என்றால், சோடி சேரும் இரண்டு இலத்திரன்களும் ஒரே இடத்தில் சந்திக்காத ஏற்பாடு ஒன்று வேண்டும். எஸ் அலையில் இருவரும் ஒரே புள்ளியில் இருக்கும் நிகழ்தகவு பூச்சியமல்ல. டி அலையில் கூட்டல் இதழும் கழித்தல் இதழும் அந்தப் புள்ளியில் ஒன்றையொன்று அடித்துவிடும், ஆகவே சந்திப்பே நடக்காது. பக்கத்துக் காம்பராக்காரரோடு எதிர் ஸ்பின்னாகச் சோடி சேர்வது, காந்த ஒழுங்கின் மிச்சத் துடிப்புக்கும் ஒத்துப்போகிறது. விலக்கும் விசையிலிருந்தே சோடி பிறக்கலாம், பிறந்தால் அது டி வடிவில்தான் இருக்கும் என்று சில கோட்பாட்டாளர்கள் எண்பதுகளின் பிற்பகுதியிலேயே சொன்னார்கள். சோடியை ஒட்டவைக்கும் பசையாக இருப்பது இந்த ஸ்பின் துடிப்புத்தானா, வேறேதாவதா என்று இன்றைக்கும் அடிபடுகிறார்கள். ஆனால் வடிவம் இதுதான் என்பதில் பெரிய சண்டை இல்லை.

வடிவத்தை எப்படிக் கண்டார்கள் என்பதில்தான் உங்கள் கேள்வியின் சாவி இருக்கிறது. ஒரு வகைப் பரிசோதனை அளவை மட்டும் பார்க்கும். 1993 இல் கனடாவில் ஹார்டி, பொன் குழுவினர் வைபிசிஓ பளிங்கில் காந்தப்புலம் எவ்வளவு ஆழம் நுழைகிறது என்று அளந்தார்கள். எஸ் அலை என்றால் தாழ்ந்த வெப்பநிலையில் அந்த ஆழம் கிட்டத்தட்ட மாறாமல் கிடக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது நேர்கோடு, வெப்பநிலைக்கு நேர் விகிதசமமாகக் கூடியது. எங்கோ இடைவெளி பூச்சியமாக இருக்கிறது, அங்கே கொஞ்சம் சூட்டுக்கே சோடிகள் உடைகின்றன என்று அர்த்தம். அதே வருடம் ஸ்டான்ஃபோர்டில் ஒளியால் இலத்திரனைத் தட்டி வெளியே எடுத்துத் திசை திசையாக இடைவெளியை அளந்தபோது மூலைவிட்டத்தில் அது மிகச் சிறிதாக இருந்தது. நல்ல அளவீடுகள்தான். ஆனால் இவற்றுக்குக் குறி தெரியாது. இடைவெளி பூச்சியத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் கூட்டலுக்கே போனதா, கழித்தலுக்குத் தாண்டியதா என்று இவற்றால் சொல்ல முடியாது.

குறியைப் பார்க்க வேறு தந்திரம் வேண்டும். 1993 இல் இலினோயில் வொல்மன், வான் ஹார்லிங்கன் குழுவினர் ஒரு வைபிசிஓ பளிங்கின் மூலையில் இரண்டு முகங்களுக்கும் ஈயத்தைத் தொடுத்து ஒரு வளையம் ஆக்கினார்கள். ஒரு முகம் கூட்டல் இதழைத் தொடும், மற்றது கழித்தல் இதழை. வளையத்தைச் சுற்றி வந்தால் அவத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) அரைச் சுற்றுப் பிசகியிருக்கும், அது தெரிந்தது. அடுத்த வருடம் ஐபிஎம்மில் சூயியும் கேர்ட்லியும் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. திசை மாறிய மூன்று பளிங்குத் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் சின்ன வளையம் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறு மூன்று வளையங்கள். மீகடத்தி வளையத்தில் காந்தப் பாயம் வழக்கமாக ஓர் அலகின் முழு மடங்காகத்தான் சிக்கும், அந்த அலகு 2.07 பெம்டோ வெபர். மூன்று வளையங்களும் அப்படியே நடந்துகொண்டன. சந்தியில் இருந்த வளையம் மட்டும், வெளியே புலமே இல்லாதபோதும், தானாகவே அரை அலகைப் பிடித்துவைத்திருந்தது.

கொழுந்துக் கூடையின் கயிற்றுப் பட்டையைத் தலையில் மாட்டும்போது ஒரு முறுக்கு விழுந்திருந்தால் தெரியும்தானே. கூடையை முன்னே பின்னே தள்ளலாம், பட்டையை இழுக்கலாம், தளர்த்தலாம், முறுக்கு வேறு இடத்துக்கு நகரும், போகாது. இரண்டு நுனியில் ஒன்றைக் கழற்றினால்தான் போகும். பட்டை அகலமா ஒல்லியா, புதுசா பழசா என்பதெல்லாம் "எவ்வளவு" கேள்வி. முறுக்கு இருக்கிறதா இல்லையா என்பது வேறு கேள்வி, அதற்குக் "கொஞ்சம்" என்று பதில் கிடையாது. அரை அலகுப் பாயம் காட்டுவது இந்த முறுக்கைத்தான்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் 2004 கட்டுரைக்கு வாருங்கள். அதே சூயி, கேர்ட்லி குழு, அதே மூன்று பளிங்கு உத்தி, ஆனால் இம்முறை டோப்பிங்கை மாற்றி மாற்றி. கல்சியம் சேர்த்த வைபிசிஓ, லந்தனம்-ஸ்ட்ரொன்சியம் வகை, பிஸ்மத் வகை, மூன்றிலும் குறை, உச்சம், மிகை என்று எல்லாப் பக்கமும் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அரை அலகு. முறுக்கு எங்கேயும் போகவில்லை. கட்டுரையின் வார்த்தைகளைக் கவனமாகப் பாருங்கள், "பிரதானமாக" டி அலை என்றுதான் இருக்கும், "தூய" டி அலை என்று இல்லை. அந்த ஒரு சொல்லில்தான் 2001 கட்டுரைக்கு இடம் இருக்கிறது.

2001 இல் கலிபோர்னியாவில் யே குழுவினர் ஊசி நுனி நுண்காட்டியால் வைபிசிஓவின் பரப்பில் இடைவெளியை அளந்தார்கள். குறை டோப்பிங்கிலும் உச்சத்திலும் கிட்டத்தட்ட டி வடிவம். கல்சியம் சேர்த்து மிகை டோப்பிங்குக்குத் தள்ளியபோது, டியோடு கணிசமான எஸ்ஸும் கலந்த வடிவம். இந்த முறை அளவைப் பார்க்கும் முறை, குறியைப் பார்ப்பதல்ல. கலப்பு எவ்வளவு என்று சொல்லும், முறுக்கு போய்விட்டதா என்று சொல்லாது. டி பெரும்பங்கும் எஸ் சிறுபங்குமாக இருந்தால் ஒரு சோடி இதழ் கொஞ்சம் பெருக்கும், மற்றச் சோடி கொஞ்சம் சுருங்கும், கணு 45 பாகையிலிருந்து சற்று விலகும், குறி மாறுவது மட்டும் நிற்காது. எஸ் டியை மிஞ்சினால்தான் கணுக்கள் ஒன்றோடொன்று சந்தித்து மறையும், அப்போதுதான் அரை அலகும் மறையும். 2004 இல் மறையவில்லை. ஆகவே இரண்டும் சேர்ந்து நிற்க முடியும்.

இன்னொரு விசயம், வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) இதைக் கட்டாயம் கேட்பார்கள். வைபிசிஓவின் தளம் சரியான சதுரமே அல்ல. செப்பு-ஒட்சிசன் சங்கிலிகள் ஒரு திசையில் மட்டும் ஓடுவதால் அது மெல்லிய நீள்சதுரம். சதுரத்தில் எஸ்ஸும் டியும் வேறு வேறு சாதி, கலக்க முடியாது, கலக்க வேண்டுமானால் நடுவில் தனியாக ஒரு நிலைமாற்றம் நடக்க வேண்டும். நீள்சதுரத்தில் எக்ஸையும் வையையும் பிரிக்கும் சமச்சீர் ஏற்கெனவே உடைந்துவிட்டது, அதனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், எந்த டோப்பிங்கிலும் கொஞ்சம் எஸ் கலந்துதான் இருக்கும். 2006 இல் கேர்ட்லி குழுவினர் திசை திசையாகக் குறியோடு அளந்து பார்த்ததில், சங்கிலித் திசையில் இடைவெளி மற்றத் திசையைவிடச் சுமார் 20 சதவீதம் பெரிது. ஒட்சிசனைக் கூட்டினால் சங்கிலிகள் நிறையும், நீள்சதுரத் தன்மையும் மாறும். ஆகவே வைபிசிஓவில் டோப்பிங்கோடு எஸ் பங்கு மாறுவதைப் பார்த்துச் "சமச்சீர் மாறிவிட்டது" என்று எழுதுவது, கறாராகப் பார்த்தால், தப்பான வார்த்தை. பங்கு மாறியது, அவ்வளவுதான். என் அபிப்பிராயத்தில் 2001 கட்டுரையின் அளவீட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை, தலைப்பில்தான் கொஞ்சம் காரம் கூடிவிட்டது.

உண்மையாகவே வேறு சமச்சீர் வேண்டுமென்றால், இரண்டாவது பகுதி கற்பனை எண்ணோடு, 90 பாகை அவத்தை வித்தியாசத்தில் கலக்க வேண்டும். அப்போது கணுக்கள் எல்லாம் மூடிவிடும், நேரத்தைத் திருப்பிப் போட்டால் பொருள் அதேபோல் இராது. டாகானும் டொய்ச்சரும் 2001 இல் மிகை டோப்பிங் வைபிசிஓவின் பரப்பில், தடையை ஊடுருவிக் கடக்கும் சுரங்க மின்னோட்டத்தை அளந்தபோது, பூச்சிய வோல்ட்டில் நிற்க வேண்டிய ஒற்றைச் சிகரம் புலம் இல்லாமலே இரண்டாகப் பிளந்திருந்தது, அதற்கு இப்படி ஒரு விளக்கம் சொன்னார்கள். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் அது பரப்பின் குணம். பரப்பில் டி அலை அடிபட்டுத் தளரும், அந்தச் சந்தர்ப்பத்தில் வேறொன்று தலைதூக்கலாம். உள்ளே முழுப் பொருளிலும் அப்படி என்றால் மூன்று பளிங்கு வளையத்தில் பாயம் சரியாக அரையாக நிற்காமல் பிசகியிருக்க வேண்டும். 2004 இல் அந்தப் பிசகலும் இல்லை.

இனி டோப்பிங் மெய்யாகவே மாற்றுகிறவை. செமினாரில் சுவாரசியமான பகுதி இதுதான், சமச்சீர் அசையவில்லை என்று சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

குறை டோப்பிங் பக்கம் போகப் போக மாறுநிலை வெப்பநிலை (மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலை) இறங்குகிறது, ஆனால் முரண்கணுவில், அதாவது இதழின் நுனியில், அளக்கும் இடைவெளி ஏறுகிறது. பிசிஎஸ்ஸில் இரண்டும் கைகோர்த்தே போகும், ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும். இங்கே ஒன்று மலை ஏறுகிறது, மற்றது பள்ளத்துக்கு இறங்குகிறது. இன்னும் மோசம், மீகடத்தல் போன பின்னும், மேலே எவ்வளவோ வெப்பநிலை வரை, முரண்கணுப் பக்கத்தில் ஓர் அரைகுறை இடைவெளி தங்கியிருக்கிறது. போலி இடைவெளி என்பது அதைத்தான். அந்த நிலையில் கணுவைச் சுற்றி மட்டும் இலத்திரன்கள் ஒரு துண்டு வில்லாக மிச்சம் இருக்கும். இது சோடி ஏற்கெனவே சேர்ந்துவிட்டு ஒற்றுமையாக நடக்க மட்டும் காத்திருப்பதா, இல்லை மீகடத்தலோடு போட்டிபோடும் வேறொரு ஒழுங்கா? முப்பது வருடத்துக்கு மேலாக இதில் அடிபடுகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கும் என்பது என் ஊகம். கணுவுக்குப் பக்கத்தில் அளக்கும் இடைவெளி மாறுநிலை வெப்பநிலையோடு ஓரளவு சேர்ந்து நடக்கிறது, முரண்கணுவில் அளப்பது தன் வழியில் போகிறது, அதனால் இரண்டு இடைவெளிகள் என்று பேசுகிறவர்களும் உண்டு. ஆகவே குறை டோப்பிங்கில் இதழ் அந்த எளிய கொசைன் வளைவில் இராது, நுனியில் வீங்கியிருக்கும். வடிவம் மாறியது, சமச்சீர் மாறவில்லை. இந்த இரண்டு சொற்களையும் ஒன்றுக்கொன்று பதிலாகப் போட்டுவிடாதீர்கள்.

மிகக் கீழே, குவிமாடத்தின் இடது விளிம்பில், கணுவிலேயே ஒரு சின்ன இடைவெளி திறப்பதாக ஒளி அளவீடுகள் காட்டியிருக்கின்றன. பார்த்தவுடன் "ஆஹா, டி போய்விட்டது" என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் மொட் காவலி வாசலிலேயே நிற்கிறது, பொருளில் ஒழுங்கீனமும் அதிகம். கணுவில் எதையாவது கண்டால் அது சோடியின் வேலை என்று உடனே கையெழுத்துப் போட முடியாது.

வலப்பக்கம் வேறு மாதிரி. அங்கே போலி இடைவெளி போய்விடுகிறது, பொருள் சாதாரண உலோகம் போல நடக்கிறது. 2002 இல் தாலியம் வகை ஒன்றை மாறுநிலை வெப்பநிலை 15 கெல்வினுக்கு விழும் வரை மிகையாக டோப் செய்து வெப்பக் கடத்தலை அளந்தார்கள். கணுவில் உள்ள இலத்திரன்கள் எவ்வளவு வெப்பம் கடத்த வேண்டும் என்று எளிய டி அலை பிசிஎஸ் சொன்னதோ, அதுவே கிடைத்தது. குவிமாடத்தின் வலது ஓரம் வரை டி அலை சுத்தமாக வந்து நிற்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இது. அப்புறம் 2016 இல் புரூக்ஹேவனில் பொசோவிச் குழுவினர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட லந்தனம்-ஸ்ட்ரொன்சியம் மென்படலங்களை அளந்து ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தார்கள். டோப்பிங் கூடக் கூட இலத்திரன்களுக்குக் குறைவில்லை, ஆனால் அவற்றில் மீகடத்தலில் சேருகிற பங்கு மட்டும் குறைந்துகொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆகிறது. ஆள் இருக்கிறார்கள், மலைக்கு வேலைக்கு வரவில்லை. மாசுகளால் உடைந்த டி அலை என்று ஒரு பக்கம் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள், அது போதாது என்று மறுபக்கம்.

மாசு என்றதும் நாகத்தை (சிங்க் உலோகத்தை) விடக்கூடாது. எஸ் அலை மீகடத்தியில் காந்தம் இல்லாத மாசைப் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று 1959 இலேயே ஆண்டர்சன் காட்டினார். செப்பு ஒட்சைட்டில் செப்புக்குப் பதில் 1 சதவீதம் நாகம் போட்டால் மாறுநிலை வெப்பநிலை 10 கெல்வின் அளவுக்குச் சரியும். நாகம் இலத்திரனைக் கூட்டல் இதழிலிருந்து கழித்தல் இதழுக்குச் சிதறடிக்கிறது, இரண்டும் சராசரியாகி அழிகிறது. குறி இல்லாத ஒன்று இப்படி அழியாது. டோப்பிங் என்ற பெயரில் அணுவை மாற்றும்போது இரண்டு வேலை ஒன்றாக நடக்கலாம், துளையும் சேரலாம், சிதறலும் சேரலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரைபடத்தை நம்பாதீர்கள்.

இலத்திரன் டோப்பிங் பக்கத்தை விட்டுவிட்டால் செமினார் அரைகுறை. நியோடிமியத்துக்குப் பதில் சீரியம் போட்டால் துளைக்குப் பதில் இலத்திரன் சேரும், உச்சம் 24 கெல்வின் அளவு. நான் முதலில் சொன்ன உண்மையான சண்டையில் பெரும்பகுதி இங்கேதான். முதலில் எஸ் அலை என்றார்கள். 2000 இல் மூன்று பளிங்கு வளையம் இங்கேயும் அரை அலகைக் காட்டியது. அதற்குப் பின், 2002 இல், காந்தப்புலம் நுழையும் ஊடுருவல் ஆழத்தையும், புள்ளித் தொடுகையில் (கூர்நுனி தொடும் இடத்தில்) ஓடும் மின்னோட்டத்தையும் அளந்த குழுக்கள், டோப்பிங்கைக் கூட்டினால் டியிலிருந்து எஸ்ஸுக்குத் தாவுகிறது என்றார்கள். இவை இரண்டுமே அளவு பார்க்கும் முறைகள் என்பதைக் கவனியுங்கள். இங்கே காந்த ஒழுங்கு துளைப் பக்கத்தைவிட வெகுதூரம் நீள்கிறது, மீகடத்தலின் வாசல் வரை வந்து நிற்கும். அது கணு இருக்கும் இடத்திலேயே பட்டையைப் பிளந்து கணுவை மறைத்துவிட வல்லது. டி அலையாகவே இருந்தும் கணு இல்லாத இடைவெளி தெரியும். இதழின் உச்சமும் பிணைப்புத் திசையில் இல்லாமல் நடுவில் எங்கோ நகர்ந்திருப்பதாக ராமன் அளவீடும் (பட்டுச் சிதறும் ஒளியைப் பார்ப்பது) இலத்திரனைத் தட்டி எடுக்கும் ஒளி அளவீடும் காட்டின. ஆகவே இந்தப் பக்கத்தில் "மாறுகிறது" என்று சொல்கிறவர்களை நான் துளைப் பக்கத்தை விடக் கொஞ்சம் பொறுமையோடு கேட்பேன், ஆனால் குறியைக் காட்டச் சொல்லியே கேட்பேன்.

புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் முறுக்கிய பிஸ்மத் வகைச் செப்பு ஒட்சைட்டுப் படலங்களைச் சேருங்கள். ஒரு மெல்லிய துண்டின் மேல் இன்னொன்றை 45 பாகை திருப்பி வைத்தால் கூட்டல் இதழ் கணுவின் மேல் விழும், சோடி மின்னோட்டம் படுத்துவிட வேண்டும். 2021 இல் ஒரு குழு, படுக்கவில்லை என்றது. 2023 இல் இன்னொரு குழு, நன்றாகப் படுத்துவிட்டது என்று காட்டியது. இடைமுகத்தை எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கிறேன், இந்தப் பொருட்களில் ஒட்சிசன் பரப்பிலிருந்து நழுவுவதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். நழுவினால் அங்கே டோப்பிங்கே வேறு.

படம் ஒன்றைக் கையால் வரையுங்கள். ஒரே குவிமாடத்தின் கீழ் மூன்று இடத்தில் மூன்று பூ, இடது பூ நுனி வீங்கியது, நடுப் பூ ஒழுங்கானது, வலது பூ சின்னது, வைபிசிஓ என்றால் ஒரு சோடி இதழ் மற்றதைவிடப் பெரிது. மூன்றிலும் கூட்டல் கழித்தல் குறிகளைச் சிவப்புப் பேனையால் போடுங்கள். யாராவது 2001 ஐ எடுத்துக் கேட்டால் இதழின் பருமனைக் காட்டுங்கள், 2004 ஐ எடுத்தால் சிவப்பைக் காட்டுங்கள்.

பெலட் ஒன்று கேட்டிருந்தீர்கள், காந்தம் மிதப்பதைக் காட்ட. என்னுடையதைத் தரலாம் என்று அலுமாரியைத் திறந்தேன். இரண்டு மழைக்காலம் இந்த ஹட்டன் ஈரத்தில் திறந்த டப்பாவில் கிடந்திருக்கிறது, மேலே வெள்ளைப் பொடி பூத்துவிட்டது, தண்ணீரும் காற்றில் உள்ள காபனீரொட்சைட்டும் சேர்ந்து பேரியத்தைக் காபனேற்றாக்கிவிட்டன. இனி அது எழும்பாது. உங்கள் டிபார்ட்மெண்டில் இருந்தால் அதையே வாங்குங்கள், வாங்கியதும் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடிய போத்தலில் வையுங்கள், நைதரசனிலிருந்து எடுத்தவுடன் பனி உருகி நனையும், ஹெயார் டிரையரால் காயவைத்துவிட்டு மூடுங்கள்.